சினைக் கிடாரி எல்லை கடக்கும்போது என்ன சான்று கேட்கிறீர்கள்? – ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, கர்நாடக மாநிலங்களின் கால்நடை பராமரிப்புத் துறைகளை வழிநடத்துவோருக்கும், ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறையில் இந்தப் பொருளைக் கவனிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பதினொரு மாடுகள் வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பம் எங்களுடையது. இனவிருத்திக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகப்படும் மாடுகளுக்கு இன்று கேட்கப்படும் சான்றுகள் குறித்து, அந்தச் சான்றுகளை ஒன்றுவிடாமல் வாங்கி வைத்திருந்தும் நட்டப்பட்ட ஒருவன் என்ற முறையில் சில செய்திகளை உங்கள் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். இதில் வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அதிகாரமும், ஏற்கெனவே மாட்டின் காதில் தொங்கும் அடையாள எண் வில்லையும் போதும்.

எங்கள் பகுதியிலிருந்து கலப்பினக் கறவை மாடு வாங்க விரும்புவோர் கர்நாடகத்தின் சிந்தாமணி, கோலார் பக்கம் போவது நெடுநாள் வழக்கம். அங்கே பாலுக்கு நல்ல வம்சம் கிடைக்கும், தண்ணீரும் தட்பவெப்பமும் ஏறக்குறைய நம்முடையதாகவே இருக்கும், காலையில் புறப்பட்டால் இரவுக்குள் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவிடலாம். அரசே இதைச் செய்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லாக் கறவைப் பசுத் திட்டத்துக்கு மாடுகள் அண்டை மாநிலங்களிலிருந்துதான் வாங்கிவரப்பட்டன. மறுபக்கம், ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குக் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வியாபாரிகள் வந்து மாடு பிடித்துப் போகிறார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் காங்கேயம் காளையும் பர்கூர் மலைமாடும் ஊர்விட்டு ஊர் மாறுகின்றன. மாநில எல்லை நமக்குத்தான். மாட்டு வியாபாரம் அதை ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆகவே எல்லையை மூடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. எல்லையைக் கடக்கும் மாட்டிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் சித்தப்பாவும் சிந்தாமணிக்கு அப்பால் ஒரு பண்ணையில் மூன்று சினைக் கிடாரிகளை, அதாவது முதல் கன்றைச் சுமக்கும் இளம் பசுக்களை, விலை பேசினோம். ஒவ்வொன்றும் ஐந்து, ஆறு மாதச் சினை. மூன்றுக்கும் சேர்த்து 2,34,000 ரூபாய். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாட்டைப் பயணத்துக்கு ஏற்றது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டுமே என்று கேட்டபோது, அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று தரகர் சொல்லி, வண்டி ஏறுவதற்குள் கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அச்சிட்ட படிவம் அது; இனம், பாலினம், வயது, அடையாளம் ஆகியவற்றுக்கு உரிய இடங்களில் மூன்று மாடுகளுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதப்பட்டிருந்தது. காதுவில்லை எண் எழுதப்படவில்லை. மருத்துவர் மாடுகளைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியும், அவர் பார்க்கவில்லை. அதை அன்றே கேட்டிருக்க வேண்டியது என் கடமை. வாங்குகிற ஆசையில் கேட்காமல் விட்டேன்.

வண்டியைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை. தேங்காய்நார் விரிப்புப் போட்டு, வைக்கோல் பரப்பி, மூன்றையும் ஓட்டுநர் பக்கம் முகம் வைத்துக் கட்டி, குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சித்தப்பா பின்னாலேயே நின்று வந்தார். வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தித் தாளைக் கேட்டார்கள், காட்டினோம், அனுப்பிவைத்தார்கள். மூன்று கிடாரிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, மடிக்கட்டு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நாற்பத்தெட்டு நாள் கழித்து, விடியற்காலை நான்கு மணி இருக்கும், நடுவில் கட்டியிருந்த செவலைக் கிடாரி கன்று வீசியது; நாள் நிறையும் முன்பே கன்று வெளியே விழுந்துவிட்டது. ஏழு மாதக் கன்று. மயிர் முளைத்து, குளம்பு மெத்தென்று, கண் திறக்காமல் ஈரத்தில் கிடந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. மறுநாள் வரை காத்திருந்தும் விழாததால், எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்கிற மாதிரி, சித்தப்பா வெறுங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை எடுத்துப்போட்டார். அது தோல் போலத் தடித்து, மஞ்சள் படிந்து, வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்று பின்னால் சொன்னார். கீழே விழுந்ததைத் தொழுவத்து மண்ணோடு சேர்த்து வாரி எருக்குழியில் போட்டோம். எங்கள் வீட்டு நாய் அதைக் கிளறியது. இவை ஒவ்வொன்றும் செய்யக்கூடாத காரியம் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஐந்து வாரங்களில் இன்னொரு கிடாரியும், ஏற்கெனவே எங்களிடம் இருந்த ஒரு பசுவும் கன்று வீசின. எங்கள் ஊர் மருந்தகத்தின் கால்நடை உதவி மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்பினார். கன்று வீச்சு நோய் என்று முடிவு வந்தது. புருசெல்லோசிஸ் என்பது அதன் பெயர். அதே மாதத்தில் சித்தப்பாவுக்கு மாலையானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, இடுப்பிலும் முழங்காலிலும் வலி. டைபாய்டு என்று ஒருவர், வாதம் என்று ஒருவர் மருத்துவம் பார்த்த பிறகு, மாட்டுக்கு வந்ததைச் சொன்னதும் ஒரு மருத்துவர் அதே நோய்க்கான பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ஆறு வாரம் இரண்டு விதமான மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டுத் தேறினார். இன்றைக்கும் மாட்டுக்குப் பிரசவம் பார்க்க அவர் கையுறை இல்லாமல் உட்காருவதில்லை.

இதற்குப் பிறகுதான் அந்தப் பயணச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளோடு இணைந்த படிவம் அது. வண்டி புறப்படுவதற்கு 12 மணி நேரத்துக்கு மேற்படாமல் மாட்டைப் பரிசோதித்ததாகவும், மாடு பயணத்துக்கு ஏற்ற நிலையில் இருப்பதாகவும், தொற்றுநோயோ ஒட்டுண்ணி நோயோ இருப்பதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை என்றும், போதிய தீனியும் தண்ணீரும் தரப்பட்டதாகவும், வெக்கை நோய்க்கு (ரிண்டர்பெஸ்ட்) எதிராகத் தடுப்பூசி போடப்பட்டதாகவும் மருத்துவர் அதில் சான்றளிக்கிறார். வெக்கை நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக 2006-ஆம் ஆண்டும், உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 2011-ஆம் ஆண்டும் அறிவிக்கப்பட்டுவிட்டது. இல்லாத நோய்க்குப் போடாத ஊசியைப் போட்டதாக எழுதிக் கையெழுத்திடும்படி ஒரு படிவம் மருத்துவரைக் கேட்குமானால், அதிலுள்ள மற்ற வரிகளையும் அவர் அதே மனநிலையில்தானே கடந்து போவார்? இதற்காக அந்த மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான சிக்கல் படிவத்தின் பழைமையைவிட ஆழமானது. அந்தச் சான்றிதழ், பயணத்தை மாடு தாங்குமா என்று கேட்கிறது. அது நல்ல கேள்வி. மாட்டுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க வந்த சட்டத்தின் கீழ் பிறந்த விதி, அந்தக் கேள்வியைத்தான் கேட்கும். ஆனால் சினைக் கிடாரியையோ பொலிகாளையையோ வாங்குகிறவன் மாட்டை மட்டும் வாங்குவதில்லை. அதன் கருப்பையையோ விதையையோ நம்பித் தன் தொழுவம் முழுவதையும் அதன் பக்கத்தில் கட்டுகிறான். கன்று வீச்சு நோய் உள்ள கிடாரி நன்றாகத் தின்னும், அசைபோடும், கண் தெளிவாக இருக்கும், தோல் மினுமினுக்கும். அதன் நோய் சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் வெளியே தெரியும். அப்படியிருக்க, அறிகுறி தென்படவில்லை என்ற வரியை எத்தனை நேர்மையான மருத்துவர் எழுதினாலும், அது வாங்குகிறவனுக்கு ஒரு பாதுகாப்பும் தராது.

பொலிகாளை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்று சொல்வோம். சினை ஊசி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது என்பது உண்மையே; ஆனாலும் இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டையும், நாட்டு இனங்களில் பெரும்பகுதியையும் இன்றும் காளைக்குத்தான் சேர்க்கிறோம். சினை ஊசிக்கு விந்து எடுக்கும் உறைவிந்து நிலையத்துக்குள் ஒரு காளை நுழைய வேண்டுமானால், அரசே வகுத்த நடைமுறைப்படி அது குறைந்தது 60 நாள் தனியிடத்தில் வைக்கப்பட்டு, கன்று வீச்சு நோய், காசநோய், குடலைத் தாக்கும் ஜோனின் நோய், பாலுறவால் பரவும் நோய்கள் ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கப்பட வேண்டும். அதே காளையை அண்டை மாநிலத்துச் சந்தையில் வாங்கி வந்து, ஒரு ஊரின் நூறு பசுக்களுக்கும் விடுவதற்கு நான்கு கால் நேராக நின்றால் போதும். விந்துக் குச்சியில் வரும் காளைக்கு இத்தனை கட்டுப்பாடு, நேரில் வரும் காளைக்கு ஒன்றுமில்லை என்பதற்கு எந்த அறிவியல் காரணமும் இருக்க முடியாது.

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இதுதான். இனவிருத்திக்காக மாநில எல்லை கடக்கும் சினை மாடு, கிடாரி, காளை ஆகியவற்றுக்கு, பயணத் தகுதிச் சான்றிதழோடு சேர்த்து, பரிசோதனையின் அடிப்படையில் அமைந்த தனி நலச் சான்று ஒன்றை இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டு நடைமுறைப்படுத்த வேண்டும். அதில் மாட்டின் 12 இலக்கக் காதுவில்லை எண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். கன்று வீச்சு நோய்க்கான ரோஸ் பெங்கால் பரிசோதனைக்கு ஒரு கண்ணாடிப் பலகையும், ஒரு சொட்டு ரத்தச் சீரமும், ஒரு சொட்டு மருந்தும், நான்கு நிமிட நேரமும் போதும். ரத்தம் எடுத்துச் சீரம் பிரிவதற்கான நேரத்தைச் சேர்த்தாலும் ஒரே நாளில் முடியும் வேலை அது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் இரு மாநிலங்களிலும் ஓடுகின்றன. சந்தை கூடும் நாட்களில் சந்தை வாசலிலேயே அப்படி ஒரு ஊர்தி நிற்குமானால், ஞாயிற்றுக்கிழமைத் தரகரின் தாளுக்கு வேலையே இருக்காது.

ஒரு முறை பரிசோதித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கன்றாக இருக்கும்போதே நோய் தொற்றிய கிடாரி, முதல் சினையின் பிற்பகுதி வரை பரிசோதனையில் அகப்படாமல் இருக்கக்கூடும் என்று எங்கள் மருத்துவர் விளக்கினார். எதிர்ப்பக்கமாக, நான்கு முதல் எட்டு மாத வயதில் கிடாரிக் கன்றுகளுக்குப் போடும் கன்று வீச்சுத் தடுப்பூசியின் தாக்கம் சில மாடுகளில் பின்னாளிலும் ரத்தத்தில் காட்டும்; நோயில்லாத மாடு நோயுள்ளதாகத் தோன்றிவிடும். இந்த இரண்டு குழப்பத்துக்கும் விடை மாட்டின் வரலாற்றில்தான் இருக்கிறது. எந்த மாதம் ஊசி போட்டார்கள், எந்தத் தொழுவத்திலிருந்து வந்தது, அங்கே யாருடைய மாடாவது கன்று வீசியதா என்பதெல்லாம் தெரிந்தால் ரத்தத்தின் முடிவைப் பொருள்படுத்திக்கொள்ள முடியும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் ஊசி போடும்போதெல்லாம் காதுவில்லை எண்ணோடு பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு இருக்கிறது. வாங்குகிற என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. நான் வாங்கிய மூன்றில் கன்று வீசாமல் தப்பிய ஒன்று, பதிவேட்டில் இன்றுவரை பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. மாடு தமிழ்நாட்டில், அதன் பெயர் கர்நாடகத்தில்.

எனவே மாடு கைமாறும்போது, விற்கிறவர் ஒப்புதலோடு வாங்குகிறவர் காதுவில்லை எண்ணைக் கொடுத்து ஊசி வரலாற்றைப் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். எல்லை கடந்த ஏழு நாட்களுக்குள் பெயரும் ஊரும் பதிவேட்டில் மாறியாக வேண்டும் என்று ஆக்குங்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு இனவிருத்திச் சான்று இல்லை என்று ஒரு வரி எழுதினால், ஏற்றுவதற்கு முன் வில்லையை அறுத்து எறியும் பழக்கம் தானாக நிற்கும். அறுபட்ட காதோடு நிற்கும் மாடுகளைச் சந்தையில் நானே பார்த்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றியும் சில சொற்கள். விதிகளைப் படித்த எவருக்கும் எழும் ஐயம் எனக்கும் எழுந்தது. 1978 விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது, வேறு சரக்கு கூடாது, ஒரு காவலாள் உடன் இருக்க வேண்டும், மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும். மோட்டார் வாகன விதிகளில் 2015-இல் சேர்க்கப்பட்டு 2016 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், ஒவ்வொரு மாட்டுக்கும் அதே இரண்டு சதுர மீட்டரில் நிலையான தடுப்பு அமைக்கச் சொல்கிறது. எங்கள் பக்கம் மாடு ஏற்ற அமர்த்தும் வண்டியின் பின்பகுதி பதினான்கு அடி நீளம், ஆறு அடி அகலம். கணக்குப் போட்டால் எட்டு சதுர மீட்டர்கூட இல்லை. நியாயமாக மூன்று மாடுதான் ஏறலாம். ஆறு என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, அதே வண்டியில் ஆறு மாட்டை ஏற்றி விதிப்படிதான் ஏற்றினோம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சினை மாடுகளை இப்படி நெருக்கி நிறுத்தினால் வளைவுகளில் ஒன்றன் வயிற்றை மற்றொன்று இடிக்கும். தடுப்பு வைத்த வண்டியோ எங்கள் வட்டாரத்தில் தேடினாலும் வாடகைக்குக் கிடைப்பதில்லை. ஆவினும் கர்நாடகப் பால் கூட்டமைப்பும் தங்கள் ஒன்றியங்கள் வழியாக மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு தடுப்பு வண்டிகளை வாடகைக்கு விட்டால், உழவர்கள் விதியை மீறும் கட்டாயம் பெருமளவு குறையும். கன்று ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாட்டையும், வழியில் ஈனக்கூடிய மாட்டையும் ஏற்றக்கூடாது என்ற விதி அருமையானது. அதைச் சந்தைகளில் அந்தந்த ஊர் மொழியில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

வழியில் மறிக்கப்படும் அச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பசுவதைத் தடைச் சட்டத்தில் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, மாடு ஒன்றுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை அபராதம். உழவுக்கும் கால்நடை வளர்ப்புக்கும் உரிய முறையில் கொண்டுபோவது அந்தச் சட்டத்தில் குற்றமாகாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் வண்டி மறிக்கப்படும்போது, இது வளர்ப்புக்குத்தான் என்று எதைக் காட்டி நிறுவுவது? ஏழு மாதச் சினை மாட்டை எவரும் வெட்டுக்குக் கொண்டுபோக மாட்டார் என்ற வாதம் அந்த நேரத்தில் எடுபடுவதில்லை. மாடு பறிமுதலாகிக் காப்பகத்துக்குப் போனால், 2017-இல் வந்த விதிகளின்படி வழக்கு முடியும்வரை தீனிச் செலவும் உரிமையாளர் தலையில் விழக்கூடும். அதைவிடப் பெரிய கேடு, பல ஊர்களிலிருந்து வந்த பல நோய்களோடு நிற்கும் மாடுகளின் நடுவே நல்ல சினை மாடு போய் நிற்பது. காதுவில்லை எண்ணும், பரிசோதனை முடிவும், வாங்குகிறவர் ஊர் மருந்தகத்தின் ஒப்புதலும் ஒரே சான்றில் இருந்து, அதைக் காவலர் தம் கைப்பேசியிலேயே சரிபார்க்க முடியுமானால், உண்மையான வளர்ப்பாளன் அச்சமின்றி வரலாம். நோய்த் தடுப்புக்காக நான் கேட்கும் அதே தாள் இந்தத் தொல்லையையும் தீர்க்கும் என்பதால்தான் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இதற்கு அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வரலாம். கால்நடைகளைப் பேணுவதும் அவற்றின் நோயைத் தடுப்பதும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 15-ஆம் இனமாக இருக்கின்றன. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-ஆம் இனம். விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டம், நோய் உள்ள பகுதிகளை அறிவிக்கவும், அங்கிருந்து மாடு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தவும், சோதனைச் சாவடிகளும் தனிமைப்படுத்தும் முகாம்களும் அமைக்கவும் வழி செய்திருக்கிறது. 2022-இல் தோல் கழலை நோய் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பல்லாயிரம் மாடுகளைக் கொன்று பரவியபோது, மாநிலம் மாநிலமாக எல்லைகளை அடைத்தார்கள், சந்தைகளை நிறுத்தினார்கள். ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும் நோய்தான் அது. ஆனாலும் ஈ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதில்லை. அந்தத் தொலைவை லாரிதான் கடந்தது. கொள்ளை நோய் வந்த பிறகு எல்லையை முழுதாக அடைக்க முடிந்த அரசுகளுக்கு, நோயில்லாத காலத்தில் ஒரு பரிசோதனையைக் கட்டாயமாக்குவது இயலாத காரியம் ஆகாது.

இடத்துக்கும் பஞ்சமில்லை. எல்லையிலேயே ஓசூரில், 1824-இல் தொடங்கப்பட்ட அரசுக் கால்நடைப் பண்ணை பரந்த மேய்ச்சல் நிலத்தோடு இருக்கிறது. அதன் மந்தையோடு ஒட்டாத ஒரு தனி மூலையில் வேலியிட்டு, எல்லை கடந்து வரும் இனவிருத்தி மாடுகள் இறங்கி இளைப்பாறவும், முடிவு வராத மாடுகள் தங்கவும் ஒரு முகாம் அமைக்க இயலுமா என்று ஆராயுமாறு வேண்டுகிறேன். பண்ணை மாடுகளுக்குத் தொற்று வந்துவிடக்கூடாது என்பதுதான் இதில் முதல் நிபந்தனை. அது இயலாது என்று நிபுணர்கள் கருதினால் வேறிடம் பார்க்கலாம். முகாம் அமையும்வரை, வாங்கியவரே மாட்டை முப்பது நாளாவது தனித்தொழுவத்தில் கட்டி, தனித் தாழியில் தண்ணீர் காட்ட வேண்டும் என்றும், கன்று ஈன்ற பிறகு ஒருமுறை மீண்டும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றும் சான்றிதழின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுத் தாருங்கள். எனக்கு அந்த இரண்டு வரிகளை யாராவது சொல்லியிருந்தால், எங்கள் பழைய பசு கன்று வீசியிருக்காது.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது. பரிசோதனையில் நோய் உள்ளது என்று வந்துவிட்ட மாட்டை என்ன செய்வது? கன்று வீசிய எங்கள் மூன்று மாடுகளுக்கு முடிவு வந்தபோது, ஊரில் பலரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: யாருக்கும் சொல்லாமல் அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடு. எங்களிடம் வந்த மாடும் அப்படி யாரோ ஒருவர் ஓட்டிவிட்டதாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் விற்கவில்லை. ஊருக்கு வெளியே தோட்டத்தில் தனியாகக் கட்டி, பாலைக் காய்ச்சாமல் ஒரு சொட்டும் எவருக்கும் கொடுக்காமல், சினைக்கும் சேர்க்காமல் இரண்டு ஆண்டு தீனி போட்டோம். ஒன்று செத்தது, இரண்டு இன்னும் நிற்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடன் வாங்கி மாடு பிடித்த எத்தனை பேரால் இப்படிச் செய்ய முடியும் என்று நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். நோயை மறைத்தால் எழுபதாயிரம் ரூபாய் கிடைக்கும், வெளியே சொன்னால் தீனிச் செலவு மட்டும் மிஞ்சும் என்ற நிலை இருக்கும்வரை, எந்தச் சான்றிதழையும் ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடிக்கப்படும். நோய் உறுதியான இனவிருத்தி மாட்டுக்கு ஒரு பகுதி இழப்பீடும், அதை வைத்துப் பராமரிக்க அரசுப் பொறுப்பில் ஓர் இடமும் இல்லாமல் கட்டாயப் பரிசோதனையைக் கொண்டுவந்தால், அது நேர்மையானவனை மட்டும் தண்டிக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சிறு விவசாயிக்கு இது இன்னொரு சுமை, இன்னொரு வரிசை, இன்னொரு கையூட்டு ஆகிவிடும் என்று என் நண்பர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. ஆகையால் கட்டணத்தை மாட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்துச் சந்தைச் சுங்கத்தோடு சேர்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று மாடு வாங்குகிறவருக்கு இலவசமாகவே செய்யலாம். உழவு மாட்டுக்கும் சொந்த மாட்டைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவதற்கும் இந்தச் சான்று தேவையில்லை என்று தெளிவாக எழுதுங்கள். எல்லையோரக் கிராமங்களில் வீடு இந்த மாநிலத்திலும் நிலம் அந்த மாநிலத்திலும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் ஓட்டிப்போய் மாலையில் ஓட்டிவரும் மாடுகளை இதில் இழுத்துவிடக் கூடாது. சான்று தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கட்டும். எங்கள் பகுதியில் இந்த மூன்றும் பேசித்தான் மாட்டுக்கு விலை முடிக்கிறோம்.

வரும் தை மாதத்துக்குப் பிறகு நாங்கள் மீண்டும் இரண்டு கிடாரிகள் வாங்க வேண்டியிருக்கிறது. மீண்டும் சிந்தாமணிப் பக்கம்தான் போவோம். இம்முறை மாட்டை ஏற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள விரும்புகிறேன். கர்நாடகத்தில் தமிழ்நாட்டு விவசாயி ஒருவன் எந்த அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளில் முடிவு கிடைக்கும், அந்த முடிவை எங்கள் ஊர் மருந்தகம் ஏற்றுக்கொள்ளுமா, மாட்டின் பெயரைப் பதிவேட்டில் யார் மாற்றித் தருவார்கள் என்ற இந்த நான்கு கேள்விகளுக்காவது மார்கழி முடிவதற்குள் இரு துறைகளும் எழுத்தில் விடை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒருவன்